ஜெபக் குறிப்பில் ஒரு பெயர்

கன்வென்ஷன் கடைசி நாள் கூட்டத்தில், "வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகத் தீர்மானிக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார் பிரசங்கியார். நான் எழுந்து நின்றேன். ஆவியானவர் ஏவினாரா, பக்கத்தில் இருந்த தோழி எழுந்ததால் எழுந்தேனா என்று கேட்டால் இன்றைக்கும் அடித்துச் சொல்ல மாட்டேன். தோழிக்கு மூன்றே மாதத்தில் கல்யாணம் ஆனது. எனக்கு வியட்நாமில் சைகோன் கிடைத்தது.

ஊருக்கு அரசாங்கம் வேறு பெயர் வைத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அங்கே இருப்பவர்கள் சைகோன் என்றுதான் சொன்னார்கள், நானும் அப்படியே பழகிக்கொண்டேன். பிரசங்கம் செய்ய விசா கிடையாது என்பதால் இங்கிலீஷ் டீச்சராகப் போனேன். ஊரின் சோலோன் பகுதியில், துணி மொத்தக் கடைகளுக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் ஓர் அறை. லாரியில் சரக்கு இறக்கும் சத்தத்தில் முழிப்பு வரும், அப்புறம் பஸ் மாறி மாறி மூன்று இடங்களில் வகுப்பு. ஐந்தாவது வருஷத்தில் எனக்கு ஜெபிக்கவே அலுப்பாக இருந்தது. முழங்கால் போட்டால் அப்படியே தூங்கிவிடுவேன். ஊழியக்காரி இதையெல்லாம் வெளியே சொல்ல முடியுமா? யார் நலம் விசாரித்தாலும் "கர்த்தருடைய கிருபை" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன்.

மாதாமாதம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்த எங்கள் சபைக்கு ஜெபக் கடிதம் அனுப்ப வேண்டும். ஒருநாள் பாஸ்டர் ஐயாவே போன் செய்தார்.

"என்னம்மா, அஞ்சு வருஷமா விதைச்சிக்கிட்டிருக்கேன், விதைச்சிக்கிட்டிருக்கேன்னே எழுதுதியளே. ஒரு பேராவது குடுங்க. பேர் சொல்லி ஜெபிச்சாத்தான சபைக்கு ஒரு பாரம் வரும்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் சபையில் பொத்தாம்பொதுவாக யாரும் ஜெபிக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஆபரேஷன், பரீட்சை, குடிகாரப் புருஷன் எல்லாம் பெயரோடும் விவரத்தோடும் தாளில் எழுதி வாசிக்கப்படும்.

என்னிடம் இருந்ததோ ஒரே பெயர். துணிக்கடையில் பில் போடுகிற பெண், முப்பது வயது இருக்கும். புருஷனுக்கு வுங் டாவ் பக்கம் கடலில் எண்ணெய்க் கம்பெனி வேலை. இவள் மாமியாரோடு இருந்தாள். ஞாயிறு மத்தியானம் என் அறைக்கு வருவாள், எளிய இங்கிலீஷில் மாற்கு சுவிசேஷம் வாசிப்போம். வீட்டில் இங்கிலீஷ் வகுப்பு என்று மட்டும் சொல்லியிருந்தாள். நிறையக் கேள்வி கேட்பாள், சிரிப்பாள், நேரமானதும் எழுந்து போய்விடுவாள். அவள் பெயரையும், புத்தகத்தோடு அவள் உட்கார்ந்திருக்கும் போட்டோவையும் அனுப்பி, "ஆர்வமாகக் கேட்கிறாள்" என்று எழுதினேன். எங்கள் சபை வாலிபர்களுக்கு அது போதவில்லை. "முன்னோர் வழிபாட்டை விட்டு இரட்சிக்கப்பட்ட வியட்நாம் சகோதரி" என்று ஃபேஸ்புக்கில் போட்டு, என்னையும் அதில் டேக் செய்துவிட்டார்கள். மொழிபெயர்ப்பை ஃபேஸ்புக்கே பார்த்துக்கொண்டது. ஃபேஸ்புக்கில் எனக்கு நட்பாக இருந்த அவளுடைய நாத்தனார் கண்ணில் பட்டது.

மாமியார் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். அவருக்கு மருமகள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் கவலையில்லை. செத்துப்போன தன் புருஷனுக்கும் நாளைக்குத் தனக்கும் வருஷத் திதி செய்ய வீட்டில் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த வாரமே மாமனாரின் திதி வந்தது. சமையல்கட்டுப் பக்கம் வராதே என்று நாத்தனாரிடம் சொல்லி அனுப்பினாராம்.

அவள் என் அறை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "டீச்சர், நீங்க வந்து அது பொய்னு சொல்லணும். நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க. இல்லேன்னா அந்த வீட்ல எனக்கு இடமில்ல."

போனேன். வழியெல்லாம் வாலிபர்கள் மேல் கோபம், ஐயா மேல் கோபம், ஆள் கிடைத்தாள் என்று பெயரைத் தூக்கிக் கொடுத்த என் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். அவள் வீட்டில் மாமனாரின் படத்துக்கு முன்னால் கோழி, பன்றிக்கறி, பழம், ஊதுபத்தி. சொந்தக்காரர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த வியட்நாமியத்தில் சொன்னேன்: "இவள் இங்கிலீஷ் படிக்கத்தான் வருகிறாள். எங்கள் ஆட்கள் தப்பாக எழுதிவிட்டார்கள். எங்கள் கடவுள்மேல் இவளுக்கு நம்பிக்கை ஒன்றும் கிடையாது."

மாமியார் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு படத்துக்கு முன்னால் இருந்த கறியை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார். எங்கள் வீட்டில் பக்கத்து வீட்டுப் பொங்கல் வந்தால், படைச்சதா படைக்காததா என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவோம். அன்று எனக்குக் கேட்கக்கூடத் தெம்பில்லை. சாப்பிட்டேன், ருசியாகவே இருந்தது. மாமியார் மருமகளைக் கூப்பிட்டு எல்லோருக்கும் சூப் ஊற்றச் சொன்னார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஐந்து வருஷத்தில் உருப்படியாக ஒரு காரியம் செய்தோம் என்றுகூட நினைத்தேன்.

சந்து முனைவரை அவள் கூட வந்தாள். நன்றி சொன்னாள். இனி ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்றாள். புரிகிறது என்றேன். அவள் திரும்பிப் போகாமல் நின்றாள்.

"டீச்சர், ரெண்டு மாசமா தினமும் ஜெபம் பண்றேன். உங்ககிட்டகூடச் சொல்லல."

"அப்போ நான் உள்ளே சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"பொய்னு சொல்லச் சொன்னது நான்தான்," என்றாள். "ஆனா அதைச் சொல்ல உங்களுக்குக் கொஞ்சமாவது கஷ்டமா இருக்கும்னு நினைச்சேன்."