யோகா பண்ணுகிற அம்மா

வீடு அரியலூரில், வேலை பெரம்பலூரில். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும் பஸ்ஸில் பன்னிரண்டு வருஷம் போய் வந்தேன். ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை.

அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது எங்கள் பிரிவிலிருந்து இரண்டு பேர் அங்கே போனார்கள், அந்தப் பக்கத்துக் கோப்புகள் எல்லாமும் போயின. அடுத்த வருஷமே மாவட்டத்தைத் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். கோப்புகள் மூட்டை மூட்டையாக லாரியில் திரும்பி வந்தன. ஆட்கள் வரவில்லை. ஒருவர் திருச்சிக்கு மாறுதல் வாங்கிப் போனார், இன்னொருவர் ஓய்வு பெற்றுவிட்டார். நாலு பேர் பார்த்த வேலைக்கு நானும் ஓர் ஆண் ஊழியரும் மிஞ்சினோம்.

ஒரு நாள் காலை, அதிகாரியிடம் கோப்பை நீட்டிக்கொண்டிருந்தபோதே கீழே விழுந்தேன். கண் விழித்தபோது அரசு ஆஸ்பத்திரியில் இருந்தேன். ரத்தக்கொதிப்பு என்றார் டாக்டர். "வேலைய கொறைச்சுக்கங்கம்மா. உடம்பு சொல்லுது, கேளுங்க."

திரும்பிப் போய் அதிகாரியிடம் அப்படியே சொன்னேன். காலியான இடங்களுக்கு ஆள் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. "மேல எழுதியிருக்கேம்மா" என்றார். இரண்டு வாரத்தில் மேலேயிருந்து பதில் வந்தது. ஆள் வரவில்லை, சுற்றறிக்கை வந்தது: பணிச்சுமையால் வரும் மன அழுத்தத்தைக் குறைக்க ஊழியர்களுக்குப் பத்து நாள் யோகா பயிற்சி, காலை எட்டு மணிக்கு. அதற்காக நான் நாலு மணிக்கே எழுந்து சமைக்க வேண்டியதாயிற்று.

ஆண்களுக்கு மாடி ஹால். சேலையோடு அவர்கள் நடுவே எப்படிப் படுப்பது என்று நாங்கள் ஏழு பெண்களும் தயங்கியதால், பழைய கோப்புகள் வைக்கிற அறையை எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். கதவைச் சாத்திவிட்டு, மூட்டைகளுக்கு நடுவில் ஜமக்காளம் விரித்தோம். சொல்லிக் கொடுக்க வந்தவள் இருபத்தைந்து வயதுப் பெண், குரும்பலூர்க்காரி. முதல் நாள் சவாசனத்தில் கண்ணை மூடிய நான் குறட்டை விட்டேனாம். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, ஒங்களுக்கு ஆசனத்த விட தூக்கந்தான் வேணும். இது ஒடம்புக்கு நல்லதுதான். ஆனா நாலு பேரு வேலைய ரெண்டு பேரு பாக்குறதுக்கு இதுல ஆசனம் கெடையாது."

பத்து நாள் முடிந்ததும் மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. பொய் சொல்லக்கூடாது, அது எனக்குக் கேட்டது. தலைவலி போயிற்று, கொதிப்பு இறங்கியது. பஸ்ஸில் நின்றபடியே மூச்சை எண்ணக் கற்றுக்கொண்டேன். யாராவது கத்தினால் உள்ளே ஒரு கதவைச் சாத்திக்கொண்டு புன்னகைக்க முடிந்தது.

வினை அங்கேதான் வந்தது. பக்கத்து மேசைக்காரர் யோகாவுக்கும் வரவில்லை, கூடுதலாக ஒரு தாள் கொடுத்தாலும் ரகளை செய்வார். அதனால் காலி நாற்காலிகளின் வேலை முழுவதும் என் மேசைக்கு வந்தது. "ஒங்களுக்கென்னம்மா, யோகா பண்றீங்க, தாங்குவீங்க" என்றார் அதிகாரி. ஆய்வுக்கு வந்தவர்களிடம் என்னைக் காட்டி, "நம்ம யோகா பண்ற அம்மா" என்று பெருமையாகச் சொன்னார். நானும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

செந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் மாதம் ஒரு தடவை வருவாள். என் வயதுதான் இருக்கும். புருஷன் கிணறு வெட்டும்போது மண் சரிந்து இறந்துவிட்டான். ஆதரவற்ற விதவை என்று சான்று கிடைத்தால் அவள் ஊர் அங்கன்வாடியில் வேலைக்கு முன்னுரிமை உண்டு. அவளுடைய மனு, மாவட்டம் பிரிந்து சேர்ந்த குழப்பத்தில் எங்கோ போய்விட்டது. அரியலூரில் கேட்டால் பெரம்பலூர் என்றார்கள். நான் அரியலூர் என்றேன்.

யோகாவுக்கு முன்னால் அவள் வந்தபோதெல்லாம் நான் எரிந்து விழுந்திருக்கிறேன். யோகாவுக்குப் பிறகு வந்தபோது உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன், "பொறுமையா இருங்கம்மா, வந்துடும்" என்று மெதுவாகச் சொன்னேன். மூன்று மாதம் இப்படியே போயிற்று. நாலாவது மாதம் அவள் உட்காரவில்லை.

"முன்னாடி திட்டுவீங்க. ஆனா எந்திரிச்சுப் போயி நாலு கட்டப் பிரிச்சுத் தேடுவீங்க. இப்ப சிரிச்சுப் பேசுறீங்க, எடத்த வுட்டு அசைய மாட்டேங்குறீங்க. நீங்க திட்டவே திட்டுங்கம்மா."

கதவைச் சாத்திக்கொள்ள வழக்கம்போல் மூச்சை இழுத்தேன். சாத்த முடியவில்லை. என்னை விட்டுப் போனது தலைவலி மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்று வேறு எந்தத் தாளையும் தொடாமல் கோப்பு அறைக்குள் போனேன். மறுநாள் மதியம் அது கிடைத்தது. யோகாவின்போது தினமும் என் தலைமாட்டில் இருந்த அலமாரியின் கீழ்த்தட்டில், பிரிக்காத ஒரு சிவப்புத் துணி மூட்டைக்குள் இருந்தது. ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. ஒரு வாரத்தில் சான்று தயாராகிவிட்டது. அவள் வந்தபோது நானே எழுந்து போய்க் கொடுத்தேன்.

வாங்கிப் படித்துப் பார்த்தாள். "அந்த வேலைக்குப் போன மாசமே ஆளு போட்டுட்டாங்கம்மா" என்றாள். கோபமில்லை. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பிள்ளைகளோடு போய்விட்டதாக, பின்னொரு நாள் அவள் ஊர்க்காரர் சொன்னார்.

சான்றைக் கொடுத்த அன்று சாயந்தரமே இரண்டு காலி நாற்காலிகளின் வேலையையும் அதிகாரி மேசையில் கொண்டுபோய் வைத்தேன். இனி என்னுடையதை மட்டும்தான் பார்ப்பேன் என்றேன்.

"டென்ஷனாகாதீங்கம்மா. மூச்ச நல்லா இழுத்து வுடுங்க."

"மூச்சு நல்லாத்தான் சார் இருக்கு. ஆளுதான் இல்ல."

அறைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி அதைக் கத்தியே சொன்னேன். மறுநாள் என்னிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதில் எழுதினேன். மாதக் கடைசியில் பூலாம்பாடிப் பக்கம் மாற்றல். அரியலூரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். என் இடத்துக்கும் யாரையும் போடவில்லை.

யோகாவை நான் குறை சொல்லவில்லை, இப்போதும் காலையில் செய்கிறேன். இரண்டாயிரத்து ஏழில் அரியலூரை மறுபடி தனி மாவட்டமாக்கியபோது என் பெயர் மாற்றல் பட்டியலில் வந்தது. ஊரே பட்டாசு வெடித்தது. புது அலுவலகத்தில் முதல் நாள், லாரியிலிருந்து இறக்கிய மூட்டைகள் வராந்தாவில் கிடந்தன. யாரும் சொல்லாமலே தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தேன். உதவிக்கு ஒருவரும் வரவில்லை.