மரப்பந்தும் சௌத்ராந்திகரும்

பதினோரு வயதில் ஒருமுறை எங்கள் தெருவின் மானத்தையே காலால் உதைத்து உருட்டிவிட்டேன். மானம் என்றால் வேறொன்றுமில்லை, எலுமிச்சம்பழ அளவில் ஒரு மரப்பந்து.

மூலக்குளத்தில் அப்போது சாயங்காலமானால் பெத்தாங்க் ஆட்டம். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன விளையாட்டு. முதலில் சின்ன மரப்பந்தை எறிவார்கள். பிறகு இரும்புக் குண்டுகளை வீச, யார் குண்டு அதற்குப் பக்கத்தில் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. மில் வேலை போன அப்பாவும், தத்துவ எம்.ஏ.யை மூன்றாம் முறையாக எழுதவிருந்த சித்தப்பாவும்தான் எங்கள் அணி. சித்தப்பா பாடத்தைச் சத்தம் போட்டுப் படிப்பார். கேட்டுக் கேட்டு அவருக்கு ஏறாதது எனக்கு மனப்பாடம்.

அன்று இறுதி ஆட்டம். எதிரணி கோரிமேடு. அதன் தலைவர் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், ஊர் வழக்கில் சொல்தா. மூன்று வருஷமாகக் கோப்பை அவர் வீட்டு அலமாரியில்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. ஒரே புள்ளி பாக்கி. அப்பாவின் கடைசிக் குண்டு மரப்பந்தை உரசாத குறையாக நின்றது. அளவு நாடா வருவதற்குள் சந்தோஷம் தாங்காமல் உள்ளே ஓடினேன். கால் பட்டது. பந்து உருண்டு, உலகத்தில் வேறு இடமே இல்லாத மாதிரி, சொல்தாவின் குண்டை ஒட்டி உட்கார்ந்துகொண்டது.

பந்து விழுந்ததும் அதைச் சுற்றி மண்ணில் கோடு கிழித்திருந்தால் பழைய இடத்திலேயே வைத்துவிடலாம். பரபரப்பில் யாரும் கிழிக்கவில்லை. கோடு இல்லையென்றால், இரண்டு அணியும் ஒரே இடத்தை ஒப்புக்கொண்டாலொழிய, பந்து கிடக்கிற இடம்தான் செல்லும்.

"என் கண்ணால பாத்தேன், இங்கதான் இருந்துச்சு!" என்றார் அப்பா.

"எங்களுக்கும் கண்ணு இருக்குதுபா" என்று கோரிமேட்டுக்காரர் ஒருவர் வேறு இடத்தைக் காட்டினார்.

அப்படியே ஓடி விழுப்புரம் பஸ்ஸில் ஏறிவிடலாமா என்று யோசித்தேன். டிராயர் பையில் கோலிக்குண்டுதான் இருந்தது. பயத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கண்ணால யாருமே பாக்கல! சௌத்ராந்திகர்னு பழைய பௌத்தருங்க சொல்லியிருக்காங்க. பாத்தேன்னு சொல்றதுக்குள்ள அந்தப் பொருள் போயிடும். அது பதிச்சுட்டுப் போன உருவத்தைத்தான் பாக்கறோம். அத வெச்சுதான் பொருள் இருந்துச்சுன்னு ஊகிக்கறோம்!"

"இன்னாடா ஒளர்ற?" என்றார் அப்பா.

சித்தப்பா மட்டும் வாயைப் பிளந்தார். "பதிச்சுட்டுப் போனதா? டேய், தேடுடா!"

காலை மழையில் செம்மண் இளகியிருந்தது. நாலு காலில் தவழ்ந்தேன். பௌத்தர்கள் சொன்னது அறிவில் பதிவதை, மண்ணில் பதிவதை அல்ல. அந்த வித்தியாசம் பார்க்கிற நிலையிலா நான் இருந்தேன்? அப்பாவின் குண்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி ஒரு குட்டிப் பள்ளம்.

"இதோ!" என்று நான் போட்ட கத்தலில் மரத்துக் காக்கையெல்லாம் பறந்தது.

சொல்தா வந்து குனிந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சரிதான் தம்பி, இங்கதான் இருந்துச்சு. ஆட்டம் உங்களுது" என்றார்.

அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றினார். கோப்பையில் ரோஸ்மில்க் ஊற்றி எல்லோரும் குடித்தோம். சித்தப்பாவும் அந்த முறை பாஸ்; எல்லாம் என் பிரசங்கத்தின் பலன் என்று இன்றுவரை சொல்லிக்காட்டுகிறேன்.

இப்போது ஐம்பதை நெருங்குகிறேன். நாள் முழுக்கக் குண்டு விழுந்த ஈர மைதானத்தில் அந்த மாதிரிப் பள்ளம் அடிக்கு இரண்டு இருந்திருக்கும். அது சொல்தாவுக்குத் தெரியாதா? பள்ளத்தை அவர் பார்த்தது ஒரு நொடி. மூக்கு ஒழுக நின்ற என் முகத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார். நானோ, வாதத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தோளில் ஏறிவிட்டேன்.