பாலைமரக் கொப்பும் விமானச் சிறகும்

மயில்வாகனத்தின் வெடி தவறியதைச் செட்டிகுளத்துப் பக்கத்தில் பார்த்தவர்கள் இல்லை. கதிர் முற்றும் காலத்தில் கிளிக்கூட்டம் வயலில் இறங்கினால், அயல் வயல்காரர்களும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சுழிபுரத்திலிருந்து குடியேற்றத் திட்டக் காணிக்கு வந்தபோது லொறியில் முதலில் ஏற்றியது ஒற்றைக்குழல் துவக்கைத்தான், தன்னை ஏற்றியது கடைசியாக என்று அவருடைய மனைவி நேசமலர் யார் கேட்டாலும் சொல்வாள்.

வந்து எட்டு வருடங்களில் அவர்களுக்கு மூன்று ஏக்கர் வயலும் பதினொரு எருமைகளும் இருந்தன. வயல் ஒரு வருடம் கைவிட்டாலும் எருமைகள் கைவிடவில்லை. நேசமலர் உறைய வைக்கும் தயிர், காலை பஸ்ஸில் வவுனியாவுக்குப் போகும்.

அறுபத்திரண்டாம் ஆண்டு தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பதினொன்றும் பட்டியை உடைத்துக்கொண்டு ஓடின. பக்கத்துப் பரமலிங்கத்தின் வயலில் அரை ஏக்கர் முற்றிய நெல் சேற்றோடு சேறாகிப் போனது.

“விமானம் வந்து வெருட்டினது” என்றார் மயில்வாகனம்.

“விமானம் நாள் தவறாமல் யாழ்ப்பாணத்துக்குப் போகுது. என்ரை மாடு ஏன் ஓடேல்லை?” என்று பரமலிங்கம் கேட்டார்.

“இது அந்த விமானம் இல்லை. சின்னன், மஞ்சள் நிறம். குளத்துப் பறவையளைக் கிளப்பிப் பாக்கிறதுக்கு ஆரோ ஞாயிறுகளிலை வாறாங்கள். பட்டிக்கு மேலாலை மரத்தளவுக்குப் பதிஞ்சு போகுது.”

“மரத்தளவுக்கு. பிறகு என்ன, இறங்கித் தயிரும் வாங்கிக்கொண்டு போகேல்லையோ?”

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். மயில்வாகனத்தின் பட்டி குளத்தின் மேற்கு மூலையில், மற்றவர்களின் வீடுகளிலிருந்து ஒரு மைல் தள்ளி இருந்தது. சத்தம் எல்லோருக்கும் கேட்டது. விமானத்தைக் கண்டவர் அவர் மட்டும்தான். அடுத்த ஞாயிறு ஊர்த் தலைமைக்காரரான விதானையார் செல்வநாயகத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்ப் பட்டியடியில் நிறுத்தினார். மதியம் வரை ஒரு கொக்குத்தான் பறந்தது. விதானையார் குடையை விரித்துக்கொண்டு, “பங்குனியிலை சிறுபோக விதைப்புக் கூட்டம் இருக்குது, மயில்வாகனம். பட்டியைக் குளத்துக்கு அங்காலை காட்டுக்குக் கொண்டுபோக வேணும் எண்டு பரமலிங்கம் தீர்மானம் எழுதித் தந்திட்டார். அதுக்குள்ளை ஏதும் சாட்சி இருந்தாக் கொண்டு வாரும்” என்றார்.

குளத்துக்கு அப்பால் உள்ள காட்டில் சிறுத்தை உண்டு. பால் கறந்து, குளத்தைச் சுற்றி விடிவதற்குள் பஸ்ஸடிக்கு வருவதும் நடவாத காரியம். காட்டுக்குப் போனால் எருமைகளை விற்க வேண்டியதுதான்.

திங்கட்கிழமை தயிரோடு அவரும் பஸ் ஏறினார். வவுனியாவில் தயிர் வாங்குபவர்களில் ஒருவன் படம் பிடிக்கும் கடை வைத்திருந்த லாபிர். கதையைக் கேட்டுவிட்டு அவன் மூன்று கமராக்களை மேசையில் வைத்தான்.

முதலாவது கறுப்புப் பெட்டி. “இதிலை கலியாண மாப்பிள்ளையை எடுக்கலாம், அண்ணை. அவர் ஆடாமல் அசையாமல் நிப்பார். பறக்கிறதை எடுத்தால் புகை மாதிரித்தான் வரும்.”

இரண்டாவதற்கு இரண்டு கண்கள், ஒன்றின் மேல் ஒன்று. நெஞ்சருகே பிடித்து, மேலிருந்து கண்ணாடித் தட்டைக் குனிந்து பார்க்க வேண்டும். மயில்வாகனம் வாசலில் நின்று தெருவில் போன ஒரு சைக்கிள்காரனைப் பிடிக்கப் பார்த்தார். தெருவில் வலப்பக்கம் போனவன் கண்ணாடியில் இடப்பக்கம் போனான். அவனைத் துரத்தித் திருப்பத் திருப்ப, அவன் தட்டை விட்டே மறைந்து போனான்.

“இது பொய் சொல்லுது, தம்பி.”

“பொய் இல்லை. கண்ணாடியிலை இடம் வலம் மாறித்தானே தெரியும். பழகினால் சரி. உங்களுக்குப் பழக நேரம் இல்லை.”

மூன்றாவது கைக்கடக்கமான ஜெர்மன் கமரா. கண்ணில் வைத்துப் பார்க்கலாம். ஒரு செக்கனை ஐந்நூறாகப் பிரித்து அதில் ஒரு பங்குக்குள் படத்தை எடுத்துவிடும். அதற்கு இரண்டு லென்ஸ்கள் இருந்தன: ஒன்று கட்டை, மற்றது ஒரு சாண் நீளம். மயில்வாகனத்தின் கை யோசிக்காமல் நீளத்துக்குப் போனது.

“கட்டை நல்லது, அண்ணை. நீளத்துக்குள்ளை ஆளைத் தேடிப் பிடிக்கிறது கஷ்டம்.”

“துவக்குப் பிடிக்கிறவனுக்குக் குழல் நீளத்தைப் பற்றிச் சொல்லித் தராதையும்.”

லாபிர் நீளத்தைப் பூட்டி, பிலிமைப் போட்டு இரவலாகக் கொடுத்தான்.

அந்த ஞாயிறு விமானம் வந்தது. எருமைகளைப் புதிதாக அடித்த பாலைக் கம்பு வேலிக்குள் அடைத்துவிட்டு, மயில்வாகனம் பன்னிரண்டு படங்கள் எடுத்தார். கை ஒருமுறையும் நடுங்கவில்லை. திங்கள் காலைத் தயிரோடு அனுப்பிய பிலிமைக் கழுவி வைத்திருந்த லாபிர், வியாழக்கிழமை அவரைக் கண்டதும் ஒரு மாதிரிப் பார்த்தான்.

“வானம் நல்ல வடிவா வந்திருக்குது, அண்ணை.”

பன்னிரண்டிலும் வெறும் வானம். ஒன்றில் மட்டும் இடது ஓரத்தில் மூக்கின் நுனி தெரிந்தது. மயில்வாகனம் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எப்பிடி எடுத்தனீங்கள்? அந்தக் காகத்தைப் பிடிச்சுக் காட்டுங்கோ.”

அவர் எழுந்து கமராவைத் தூக்கினார். தெருவுக்கு மேலே போன காகத்தைத் தொடர்ந்து, அதைத் தாண்டி ஒரு முழம் முன்னே போய், நிறுத்தி, விசையை அமத்தினார்.

லாபிர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டான். “அண்ணை, நீங்கள் அதைச் சுட்டிருக்கிறியள்.”

“பறக்கிறதுக்கு முன்னுக்குத்தானே வைக்க வேணும்?”

“வெடி போய்ச் சேர நேரம் எடுக்கும். இதிலை இஞ்சையிருந்து ஒண்டும் போறதில்லை. அது தானா வந்து உள்ளுக்கை விழுது. மூக்கிலை கண்ணை வைச்சு, அதோடையே திரும்புங்கோ. அமத்தின பிறகும் திரும்புறதை நிப்பாட்டாதேங்கோ.”

முப்பது வருடம் பழகிய கையை மாற்றுவது லேசில்லை. மூன்று நாட்களாக அவர் வெறும் கமராவோடு வரம்பில் நின்று, கொக்கையும் நீர்க்காகத்தையும் தொடர்ந்து திரும்பிக்கொண்டிருந்தார். “ஆருக்குச் சாமி வந்தது?” என்று நேசமலர் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு எடுத்ததில் விமானம் படத்தை முழுதாக நிறைத்திருந்தது. சில்லும் சிறகின் கம்பிகளும், ஓட்டியின் கண்ணாடியும்கூடத் தெரிந்தன. லாபிரே அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தான். மயில்வாகனம் அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி விதானையாரிடம் கொண்டு போனார்.

“நல்ல வடிவான விமானம்” என்றார் விதானையார். “எங்கை பறக்குது?”

“என்ரை பட்டிக்கு மேலை.”

“படத்திலை பட்டி இல்லையே. வானம் மட்டும்தானே இருக்குது. வானம் எல்லா இடத்திலையும் ஒண்டுதான், மயில்வாகனம்.”

அன்று மயில்வாகனம் சாப்பிடவில்லை. கூட்டத்துக்கு முன் ஒரு ஞாயிறுதான் மிச்சம். படத்தை அடுப்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த நேசமலர், “அவன்ரை மீசையும் தெரியுது. அவன்ரை மீசையாலை எங்களுக்கு என்ன?” என்றாள். அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டு, “மாட்டையும் மரத்தையும் சேர்த்து எடுங்கோவன்” என்றாள்.

“அப்ப விமானம் பூச்சி மாதிரித் தெரியும்.”

“தெரியட்டும்.”

மறுநாள் பஸ்ஸில் போய் நீள லென்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கட்டையைப் பூட்டிக்கொண்டு வந்தார். லாபிர் நீளத்தைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான்.

பட்டிக்குப் பின்னால் ஒரு பட்டுப்போன பாலைமரம் நின்றது. பட்டியும் மரத்தின் உச்சியும் ஒன்றாய் அடங்கும்வரை மயில்வாகனம் பின்னால் நடந்து, அந்த இடத்தில் ஒரு தடி நட்டார். ஞாயிறு காலை அந்தத் தடியோடு நின்றார். எட்டு மணிக்குச் சத்தம் கேட்டது. மரத்திலிருந்த நீர்க்காகங்கள் ஒன்றாக எழும்பின. எருமைகள் வேலியில் போய் மோதின. மஞ்சள் மூக்கைக் கண்ணுக்குள் பிடித்து, அதோடு திரும்பி, பட்டிக்கு நேரே வந்ததும் அமத்தினார். ஒரே படம். அவருக்கு அது போதுமென்று தெரிந்திருந்தது.

சிறுபோகக் கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. விதைப்பு நாளும் தண்ணீர் திறக்கும் நாளும் முடிவானபின் விதானையார் தீர்மானத்தை வாசித்தார். மயில்வாகனம் எழுந்து படத்தைக் கொடுத்தார். அது வாங்குப் பலகைகளில் வரிசை வரிசையாகக் கை மாறியது. விமானம் ஒரு பெருவிரல் நகமளவு. அதற்குக் கீழே வேலியில் முட்டிக்கொண்டு நிற்கும் எருமைகள். உச்சிக்கொப்பு விமானத்துக்கும் மேலே.

“மரத்துக்குக் கீழைதான் போகுது” என்றது ஒரு குரல்.

பரமலிங்கம் எழுந்தார். “தூரத்திலை பறந்தாலும் மரத்துக்குக் கீழைதான் தெரியும். எங்கடை வளவிலை நிண்டு பாத்தால் சூரியனும் வேலிக்குக் கீழை போகும். அதுக்காகச் சூரியன் வேலி பாய்ஞ்சதோ?”

மண்டபத்தில் சிரிப்பெழுந்தது. இப்படி ஒரு கேள்வி இருக்குமென்று மயில்வாகனம் நினைத்துப் பார்த்ததே இல்லை.

படம் பரமலிங்கத்தின் கைக்கு வந்தது. அவர் அதைக் கிட்டப் பிடித்தார், எட்டப் பிடித்தார். யன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். தை மாதத்தில் அரை ஏக்கர் நெல்லைச் சேற்றில் பார்த்த மனிதர் அவர். திரும்பி வர நேரம் எடுத்தது.

“என்ன, பரமலிங்கம்?” என்றார் விதானையார்.

“ஒரு கொப்பு குறுக்கை வருகுது. சிறகு அந்தக் கொப்பை மறைச்சிருக்குது.” படத்தை விதானையாரின் மேசையில் வைத்து விரலால் காட்டினார். “மரத்துக்கு அங்காலை எண்டால் கொப்புத்தான் சிறகை மறைக்கும். இது மரத்துக்கு இஞ்சாலை. பட்டிக்கு மேலைதான்.” பிறகு, யாரையும் பார்க்காமல், “தீர்மானத்தை வெட்டி விடுங்கோ” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

விதானையார் படத்தை ஒரு கடிதத்தோடு மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு அனுப்பினார். விமானம் பிறகும் இரண்டு ஞாயிறு வந்தது; அதற்குப் பிறகு வரவில்லை. பட்டி மேற்கு மூலையிலேயே இருந்தது. பரமலிங்கம் வீட்டுக்கு அந்தச் சிறுபோகம் முடியும்வரை நேசமலர் தயிர்ச்சட்டி அனுப்பினாள். கழுவிய சட்டி ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது.

ஆடியில் கிளிக்கூட்டம் பரமலிங்கத்தின் வயலில் இறங்கியபோது, அவரே வந்து மயில்வாகனத்தைக் கூப்பிட்டார். மயில்வாகனம் துவக்கைத் தூக்கி, முன்னே பறந்த கிளியின் மூக்கிலேயே கண்ணை வைத்து, அதோடு சீராகத் திரும்பிச் சுட்டார். ஒரு வாலிறகு மட்டும் மெல்ல இறங்கி வரம்பில் விழுந்தது.

பரமலிங்கம் அதை எடுத்துப் பார்த்தார்.

“படம் வந்திருக்குமோ, மயிலண்ணை?”