தம்பின் சாலையில் நீல மாவு

மலாயாவில், தம்பின் ஊருக்கு வெளியே பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கிச் சோதனை போடுகிறார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதாம். சுவா ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போகிற நான், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் நிற்கிறேன்.

சோதிக்கும் தமிழ்ப் பெண் என் கூடையிலிருந்து மயில் செதுக்கிய மரக்கட்டையை எடுக்கிறாள். அடுத்து நீலப்பொடி. அதற்கடியில் ஒரு பொட்டலம். விரலால் தொட்டு நாக்கில் வைக்கிறாள்.

"அரிசி மாவுலா இது! யாருக்குக் கொண்டு போற?"

சாப்பாடு எதுவும் எடுத்துப் போகாதே என்று வீட்டுக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். இதை நான் சாப்பாடாகவே நினைக்கவில்லை.

"படம் அச்சடிக்க, அக்கா. மாவைக் காய்ச்சி, நீலத்தோட கலந்து கட்டையில தடவணும். சும்மா, பொழுதுபோக்குக்கு."

"கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு உனக்குப் பொழுது வேற போகலியா? உன்னைப் புடிச்சு உள்ள போட்டா இது யாருகிட்ட இருக்கும்?"

கட்டையிலிருந்து தாளை உரிக்கும்போது வரும் சந்தோஷத்தை இங்கே எப்படிச் சொல்வது? அவள் போலீஸ்காரரைத் திரும்பிப் பார்க்கிறாள். அவர் பஸ் கூரையில் மூட்டைகளைக் கிளறிக்கொண்டிருக்கிறார். சட்டென்று நீலப்பொடி முழுவதையும் மாவில் கொட்டிப் பிசறுகிறாள்.

"இனி எவனும் தின்ன மாட்டான். ஏறு, ஏறு."

ஏறி உட்கார்கிறேன். என்னை நம்பினாளா, பிள்ளைக்காக விட்டாளா? நன்றி சொல்லியிருந்தால் அவளை மாட்டிவிட்டிருப்பேனோ? சொல்லாமல் வந்தது தப்போ? குழந்தை வீறிட்டு அழுகிறது. எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.