ஜப்பான் கெண்டியைப் பழக்கிய நாள்

பிற்பகல் மூன்று இருபது. உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, சமையலறை ஜன்னலில் பழைய துண்டின்மேல் கவிழ்த்து வைத்திருந்த கெண்டி. காலையில் அது காய்ந்த செங்கல்லின் நிறத்தில் இருந்தது. இப்போது கறுத்துப் பளபளத்தது. வீடு முழுக்கக் கஞ்சி வாடை, அதற்கு மேல் நல்லெண்ணெய் வாடை.

அம்மா வாக்கரைப் பிடித்தபடி அடுப்பின் முன்னால் நின்றிருந்தாள். அவள் அப்படி நிற்கக்கூடாது.

பங்குனியில் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். நான் சென்னையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். விடுப்பு எடுத்துக்கொண்டு தென்காசிக்கு வந்தேன், பிறகு அதை நீட்டித்தேன், மறுபடியும் நீட்டித்தேன். தம்பி ஜப்பானில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலையில் இருக்கிறான். "ஆடி பொறக்கவும் வந்துருதேன்க்கா. மூணு மாசம் அம்மாவ நான் பாத்துக்கிடுதேன். நீ உன் வேலையப் பாரு" என்று சொல்லியிருந்தான். ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை வரை என் இடத்தை வைத்திருப்பதாகச் செய்தி ஆசிரியர் சொன்னார். அதற்கு மேல் அவராலும் முடியாது. ஆகவே தம்பி வந்தால் நான் போகலாம். வராவிட்டால் முடியாது.

அவனுக்கு முன்னால் கெண்டி வந்தது. அவனோடு வேலை பார்க்கும் செங்கோட்டைக்காரர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். "சாமான முன்னால அனுப்பிட்டான். ஆளு பின்னால வாரான்" என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

கையால் செய்த தேநீர்க் கெண்டி. மேலே மெருகுப்பூச்சு எதுவும் கிடையாது, வெறும் சுட்ட மண். இரண்டு தம்ளர் கொள்ளும். மூக்குக்கு உள்பக்கம் இலையைத் தடுக்க மண்ணிலேயே சல்லடை வைத்து, ஊசியால் குத்தியதுபோல நெருக்கமாகத் துளை போட்டிருந்தார்கள். மூடி அவ்வளவு கச்சிதம். மூடியில் இருக்கும் சிறு ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு சாய்த்தால் ஒரு சொட்டு வராது. கைப்பிடி பின்னால் இல்லை, பக்கவாட்டில் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"மூக்கு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். செஞ்சவனுக்கு மாறுகண்ணோ?" என்றாள் அம்மா.

வலது கையால் பிடித்து ஊற்றுவதற்கான அமைப்பு அது. இடது கைக்காரர்களுக்கென்று எதிர்ப்பக்கம் கைப்பிடி வைத்தும் செய்கிறார்களாம். தம்பிதான் சொன்னான். நான் இடது கைக்காரி.

பராமரிப்பு விதிகள் குரல் செய்திகளாக வந்தன. சோப்பு படக்கூடாது, மண் அந்த வாசனையைக் குடித்துவிடும். நார் போட்டுத் தேய்க்கக்கூடாது. அடுப்பில் வைக்கக்கூடாது. ஒரே வகைத் தேயிலைதான் போட வேண்டும். குடித்து முடித்ததும் இலையைக் கொட்டி, வெந்நீரில் மட்டும் அலசி, மூடியைத் தனியே வைத்துக் காயவிட வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். கைபடக் கைபடத் தானாகவே மினுக்கம் வருமாம், அதற்கு வருடக்கணக்காகுமாம்.

அம்மாவுக்கு மாத்திரை, பெட்பான், காலுக்குப் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம். அவற்றோடு இதுவும் சேர்ந்தது. ஆனியில் சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் கொடியில் போட்ட பாவாடையே இரண்டு நாள் ஈரமாகக் கிடக்கும். கெண்டியை ஃபேனுக்கு அடியில் வைத்தேன். நடு ராத்திரியில் கரண்ட் போய் ஃபேன் நின்றால், அம்மாவுக்காகவும் கெண்டிக்காகவும் எழுந்துகொள்வேன்.

கூடவே வந்த பச்சைத் தேயிலையைப் போட்டு அம்மாவுக்குக் கொடுத்தேன். "கீர அவிச்ச தண்ணி" என்றாள். ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை. மகன் அனுப்பியது.

பிறகு தம்பிக்கு இன்னொரு யோசனை வந்தது. அந்தத் தேயிலைக்கு உப்பில்லாத மெல்லிய தண்ணீர்தான் சரிப்படுமாம். "அக்கா, ஐந்தருவித் தண்ணி எடுத்துட்டு வந்து போட்டுப் பாரு. டேஸ்ட்டே வேற மாதிரி இருக்கும். போட்டுட்டு வீடியோ கால்ல வா."

எனக்கு அருவித் தண்ணீர் தேவைப்படவில்லை. வீட்டை விட்டு வெளியே போக ஒரு காரணம் தேவைப்பட்டது. பக்கத்து வீட்டு மதினியை அம்மாவுக்குத் துணைக்கு உட்காரச் சொல்லிவிட்டு, காலியான தண்ணீர் பாட்டிலோடு பகல் ஒரு மணிக்குக் கிளம்பினேன். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்றேன்.

சீசன் ஞாயிற்றுக்கிழமை அது. குற்றாலம் ரோட்டில் கேரளா வண்டிகளுக்கு நடுவே ஆட்டோ நின்றது. முன்னாலும் போக முடியவில்லை, திரும்பவும் வழியில்லை. ஐந்தருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை. தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்த ஆண்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் துண்டோடு நின்று அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் செம்மண் கலந்து வந்தது. கீழே ஓடையில் பாட்டிலைப் பிடித்தேன். டீ போட்டதுபோலவே இருந்தது. அங்கேயே கொட்டிவிட்டுத் திரும்பினேன்.

அதற்குள் வீட்டில் நடந்ததை அம்மாவே சொன்னாள்.

"மழ விழுதுன்னு அவ துணியெடுக்கப் போனா. மாடியில யாருகூடயோ போன்ல பேசிக்கிட்டு நின்னுட்டா. நான் சும்மா கெடந்து என்ன செய்ய? கஞ்சியக் கொதிக்க விட்டு, அதுல இதப் போட்டு அவிச்சு, ஈரம் போகத் தொடச்சு, எண்ணெயத் தடவி வச்சிருக்கேன்."

புது மண்சட்டி வாங்கினால் எங்கள் பக்கம் முதலில் இதைத்தான் செய்வார்கள். பழக்குவது என்று பெயர். பழக்காத சட்டியில் குழம்பு வைத்தால் மண் வாடை அடிக்கும், நாலாம் நாள் விரிசல் விடும். அம்மா பழக்கிக் கொடுத்த சட்டிகள் இந்தத் தெருவில் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன.

"எதுக்கும்மா இத..." என்று ஆரம்பித்தேன்.

"ஏட்டி, மண்ணப் பழக்காம எவளாவது பொழங்குவாளா? வாங்குன அன்னைக்கே செஞ்சிருக்கணும். நீ பேப்பர் ஆபீஸ்காரி, உனக்கு எங்க தெரியும்? வந்ததும் அவன் இதுலதான் குடிப்பான். புள்ளைக்கு மண் வாடை அடிக்காம இருக்கணும்லா?"

அவள் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. பிடித்துக் கட்டிலுக்குக் கொண்டுவந்தேன். நாலு எட்டுதான், மூன்று முறை நின்றோம். அந்த நேரத்தில் மதினி துணிக் குவியலோடு இறங்கி வந்தாள்.

"நான் இந்தா அஞ்சு நிமிசந்தான் மேல போனேன்."

"அஞ்சு நிமிசத்துல கஞ்சி கொதிக்குமோ?" என்றாள் அம்மா கட்டிலிலிருந்து.

மதினி அதன்பிறகு துணைக்கு வரவில்லை. கேட்டால் ஏதாவது வேலை இருந்தது.

கெண்டியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உடையவில்லை. சல்லடைத் துளைகளில் கஞ்சி காய்ந்து அடைத்திருந்தது. மூக்கில் ஊதினால் காற்று போகவில்லை.

ஐந்து மணிக்கு வீடியோ கால் வந்தது. நான் மறைக்க நினைப்பதற்குள் அம்மா போனைக் கேட்டு வாங்கிவிட்டாள்.

"ஏலே, இங்கன பாரு. உன் கெண்டிய எப்படிப் பழக்கி வச்சிருக்கேன்னு பாத்தியா? ஏட்டி, அவனுக்கு அதத் தூக்கிக் காட்டு."

தூக்கிக் காட்டினேன். திரையில் தம்பியின் முகம் கிட்டே வந்தது.

"எண்ணெயாக்கா அது? ஐயோ. கையால செஞ்சதுக்கா. சூளைக்கே போயி, அதச் செய்யுத பெரியவர்கிட்ட சொல்லி வச்சு வாங்குனேன்."

"அம்மா எழுந்து நின்னு செஞ்சிருக்கா" என்றேன்.

"அதுக்குன்னு எண்ணெயா?"

"விடு. நீ என்னைக்கு டிக்கெட் போட்டிருக்க?"

அவன் போனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"இப்ப லீவு தர மாட்டேங்காங்கக்கா. புது லைன் போடுதாங்க. தைக்கு மேல பாப்போம்."

"செங்கோட்டை அண்ணாச்சி வந்தப்பவே உனக்குத் தெரியுமா?"

"ம்."

பிறகு அவன் கெண்டியைப் பற்றிப் பேசினான். அந்தப் பேச்சு அவனுக்குச் சுலபமாக வந்தது. குண்டூசி வைத்துக் குத்தக்கூடாது, துளையின் ஓரம் உடையும். வெந்நீரில் ஊறப்போட்டு, கஞ்சி இளகியதும் மெத்தென்ற பிரஷால் எடுக்க வேண்டும். எண்ணெய் மண்ணுக்குள் இறங்கியிருக்கும், ஒரே நாளில் போகாது. தினமும் வெந்நீர் நிரப்பி, மேலே மிதப்பதைக் கொட்டி, மறுபடி நிரப்ப வேண்டும். கடைசியாக வேண்டாத தேயிலையைப் போட்டு ஊறவிட வேண்டும். "பொறுமையா செஞ்சா வந்துரும்க்கா. உனக்குப் பொறுமை உண்டுல்லா."

அம்மா கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை.

"தைக்கா வாரானாம்?" என்று போனை வைத்ததும் கேட்டாள்.

"தைக்கு மேல."

"அதுவரைக்கும் அதத் தூசி படாம வையி."

அடுப்பில் வெந்நீர் போட்டேன். கெண்டியை ஒரு சட்டியில் வைத்து, திடீரென்று சூடு பட்டு விரிசல் விடாதபடி முதலில் வெதுவெதுப்பாகவும் பிறகு சூடாகவும் ஊற்றினேன். சிறிது நேரத்தில் மேலே எண்ணெய்ப் படலம் வந்து நின்றது. கொட்டினேன். மறுபடி ஊற்றினேன். மறுபடியும் வந்தது. வெளியே சாரல் விடவில்லை.

ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை, சென்னை அலுவலகத்தில் என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார்.