நடுநீரில் நின்ற மோட்டார்

அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

என் கணவர் பாசிர் கூடாங் கடலில் மீன் பிடிக்கப் பழைய மோட்டார் படகு ஒன்று வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். கரையை விட்டு வெகுதூரம் வந்ததும் மோட்டார் விக்கி விக்கி நின்றது. கயிற்றை இழுத்தால் கிளம்பும்; உடனே அணைந்துவிடும். நீரோட்டம் எங்களைக் கப்பல் பாதைப் பக்கம் இழுத்தது.

"உன்ன கூட்டிட்டு வந்தேன் பாரு, அதான் இப்படி!" என்று கத்தினார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மோட்டார் பக்கம் குனிந்தபோதுதான், பெட்ரோல் டாங்கி இருபுறமும் ஒடுங்கியிருந்ததைக் கண்டேன். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், காற்று நுழைய வழிவிடாமல் எண்ணெயை இறைத்தால் பீப்பாய்கள் இப்படித்தான் ஒடுங்கும். அதனால்தான் மோட்டாருக்குப் பெட்ரோல் வரவில்லை. டாங்கி மூடியில் அடைத்துக் கிடந்த காற்றுத் திருகைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

"இப்ப இழுங்க."

மோட்டார் கிளம்பியது. கரை வரை நிற்கவே இல்லை.

கரையில் அவருடைய நண்பர்கள், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார்கள்.

"மோட்டார் மக்கர் பண்ணிச்சு லா. நான் சரி பண்ணிட்டேன்" என்று சிரித்தார்.

வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில் வாயை மூடிக்கொள்வேன். அன்று முடியவில்லை.

"காத்துத் திருக தொறக்க மறந்தது நீங்க. தொறந்தது நானு. அதையும் சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. அவர் முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்த்து எனக்கு வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.