வடக்கில் பிடித்த காம்ப்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் உறவுக்காரருக்குக் கடிதங்கள்தான். வசனம் கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் வந்துவிட்டது. எந்த ஆண்டு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஊரில் சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, சனம் போய்வரத் தொடங்கியிருந்த காலம் என்பது மட்டும் நிச்சயம்.

அப்போது நாங்கள் மொன்ட்ரியாலில் செயின்ட்-மிஷேல் பக்கம் ஒரு மாடிவீட்டில் இருந்தோம். மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் இரண்டு பேர், நான். மருமகனுக்கு ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை ஒன்றில் வேலை. மகளுக்கு இந்த ஊரே பிடிக்கவில்லை.

"இஞ்ச என்ன இருக்கு? குளிரும் பிரெஞ்சும்தான். எங்கட சனம் முழுக்க ரொறன்ரோவில. மச்சாள் தன்ர பக்கத்து வீடு விலைக்கு வருகுது எண்டு சொல்லிப்போட்டா. நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறன், நீங்கள் உங்கட கத்தரிக்காயோட இருங்கோ" என்பாள் மருமகனிடம். மச்சாள் என்பது அவருடைய தங்கை.

நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். வாய் திறப்பதில்லை. ஆனால் எனக்கு ரொறன்ரோ என்றால் பயம். ஒரு கலியாணத்துக்கென்று அங்கே போயிருந்தேன். மண்டபத்துக்குள் கால் வைத்ததுதான் தாமதம், ஆள் மாறி ஆள் கையைப் பிடித்து, "என்னைத் தெரியுதோ?" என்று கேட்டார்கள். தெரியவில்லை என்று சொல்ல முடியுமா? தெரியும் என்றால் "அப்ப ஆர் சொல்லுங்கோ பாப்பம்" என்று விடுகிறார்களில்லை. வீடியோ எடுக்கிற பெடியன் வெளிச்சத்தை முகத்தில் அடித்துக்கொண்டு நின்றான். அங்கே போனால் சனி ஞாயிறு தோறும் கலியாணவீடு, பிள்ளை வயதுக்கு வந்த சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று என்னை இழுத்துக்கொண்டு போவார்கள். மொன்ட்ரியாலில் என்னை ஒருவருக்கும் தெரியாது. யாரும் எதிரே வந்தால் 'போன்ஜூர்' என்பேன். ஏதும் தந்தால் 'மெர்சி' என்பேன். அந்த இரண்டு சொல்லோடு யாருக்கும் தொந்தரவில்லாமல் சீவித்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரை விட்டுப் போக எனக்கு விருப்பமில்லை என்பதை நான் யாருக்கும் சொன்னதில்லை. இதில்தான் முதன்முதலாக எழுதுகிறேன்.

கடைசியில் மருமகன் ஒரு பேச்சுக்கு வந்தார். "இந்தக் கோடைக்குள்ள உமக்கு ஒரு இடம் காட்டுறன். காடும் ஏரியும். ரொறன்ரோவில காசு குடுத்தாலும் கிடையாது. அதைப் பாத்தாப் பிறகும் போகத்தான் வேணும் எண்டால் நானும் வாறன்."

"பாப்பம், பாப்பம்" என்றாள் மகள்.

ஒருநாள் நான் வீட்டில் தனிய இருக்க, தொலைபேசி அடித்தது. மருமகன்தான், சந்தையிலிருந்து. மூச்சு வாங்கிக்கொண்டு கத்தினார்.

"மாமி! காம்ப் ஒண்டு பிடிச்சாச்சு!"

ஊரில் காம்ப் என்றால் ஆமிக்காரரின் முகாம்தான். "என்ன தம்பி சொல்லுறியள்? எந்தப் பக்கம்?"

"வடக்குத்தான் மாமி, வடக்கு!"

ரிசீவர் கையிலிருந்து வழுகிவிட்டது. குனிந்து எடுத்தேன். "ஐயோ கடவுளே, சண்டை நிண்டுது எண்டல்லோ சொன்னவை? எத்தினை சனம் செத்துதாம்?"

 அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. மருமகன் சிரிக்க, பக்கத்தில் பெட்டி தூக்குகிறவர்களும் என்னவென்று தெரியாமல் சேர்ந்து சிரிக்கிறார்கள். கடைக்கு வருகிற ஒருவர் மருமகனுக்கு ஏரிக்கரையில் கூடாரம் அடிக்கிற இடம் ஒன்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பெயரும் காம்ப்தானாம். மொன்ட்ரியாலுக்கு வடக்கே இருக்கிறதாம். வீட்டை விட்டுப்போட்டு ஆட்கள் விரும்பிக் காம்புக்குப் போய்ப் படுப்பார்கள் என்று அன்றுதான் அறிந்தேன். அதிர்ச்சி இறங்க எனக்கு அன்று முழுக்கப் பிடித்தது.

அந்த முதல் இடத்துக்குப் போனால் ஏரி இருந்தது, ஆனால் கண்ணில் படவில்லை. வீடு மாதிரிப் பெரிய வண்டில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. என் வயதுப் பெண்கள் துணி இரண்டு துண்டோடு கதிரையில் மல்லாந்து கிடந்தார்கள். எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை. பார்த்த பக்கமெல்லாம் ஒரு தொப்புள் தெரிந்தது. அவர்கள் என்னைக் கண்டு கையசைத்து 'போன்ஜூர்' சொன்னார்கள். நான் நிலத்தைப் பார்த்து 'போன்ஜூர்' சொன்னேன்.

"சந்தையை விட்டு வந்து இன்னொரு சந்தைக்க நிக்கிறம்" என்றாள் மகள்.

இரண்டாவது இடம் நடுக்காடு. ஒரு குருவிச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. மருமகன் மூக்கை விரித்து, "மாமி, காத்தைப் பாத்தியளோ?" என்றார். காற்றோடு சேர்ந்து எள்ளளவு கறுப்பு ஈக்கள் வந்தன. அவை குத்தவில்லை, தோலைக் கடித்துப் பிய்த்தன. விடிய எழும்பினால் பேத்தியின் ஒரு கண் திறபடவில்லை. எனக்குக் காதுக்குப் பின்னால் இரத்தம். அங்கே தண்ணீர்க் குழாயும் இல்லை. மலசலகூடம் என்பது ஒரு பலகைப் பெட்டிக்குள் ஒரு குழி. அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டு, வீடு திரும்பும்வரை நான் தண்ணீரே குடிக்கவில்லை.

"இனி ஒண்டு. ஒண்டே ஒண்டு. அதுவும் சரிவராட்டில் நான் மச்சாளுக்கு ஓம் எண்டு சொல்லப்போறன்" என்றாள் மகள். விளையாட்டாகச் சொல்லவில்லை. அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே மடித்து வைத்துவிட்டாள். ஒருநாள் கூட்டும்போது தும்புத்தடி அதில் முட்டியது. அதற்குப் பிறகு கட்டிலுக்குக் கீழே கூட்டுவதை விட்டுவிட்டேன்.

மருமகன் சந்தையில் கத்தரிக்காய் நிறுப்பதிலும் பார்க்க ஏரி விசாரிப்பதில் கெட்டிக்காரராகிவிட்டார். யார் காய் வாங்க வந்தாலும் ஈ உண்டோ, குழாய் உண்டோ, கதவு பூட்டுமோ என்று கேட்பாராம். கீரை வாங்க வருகிற ஒரு கிழவிதான் வழி சொன்னாளாம். கோடை முடியட்டும், குளிர் தொடங்க ஈ செத்துவிடும், சனமும் குறைந்துவிடும், அப்போது போ என்று ஓர் இடம் சொல்லிவிட்டாளாம்.

அப்படித்தான் நாங்கள் புரட்டாதி மாதத்தில் போய்ச் சேர்ந்தோம்.

அந்த இடத்தை எனக்கு எழுதத் தெரியாது. மரங்களெல்லாம் மஞ்சளும் குங்குமமுமாக நின்றன. அதே நிறம் தலைகீழாக ஏரிக்குள்ளும் நின்றது. குழாய் நாலெட்டில். மலசலகூடத்துக்குக் கதவு, கதவுக்குக் கொண்டி, உள்ளே சுடுதண்ணீர். நான் கொண்டியைப் போட்டும் எடுத்தும் பார்த்தேன். மகள் கரையில் இருந்து காலைத் தண்ணீருக்குள் விட்டாள். "அம்மா, பரவாயில்லை என்ன" என்றாள். மருமகன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் மனதுக்குள், அட்டைப்பெட்டி குப்பைக்குப் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் புரட்டாதிச் சனி. மகளுக்கு ஏழரைச் சனி நடந்ததால் நான் ஒரு சனியும் விடாமல் விரதம். காகத்துக்கு வைக்காமல் வாயில் ஒரு பருக்கை போடமாட்டேன். செயின்ட்-மிஷேலில் பின்பக்கத்துப் பல்கனியில்தான் வைப்பேன். காகம் வராவிட்டால் அணில் தின்னும். ஏரிக்கரையில் காஸ் அடுப்பில் சோறும் பருப்பும் வைத்து, கத்தரிக்காய் பொரித்து, நெய் விட்டுப் பிசைந்து, வாழையிலைக்குப் பதில் வெள்ளித் தாள் தட்டில் எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் பின்னால் போனேன். ஒரு வெட்டிய மரக்குற்றி இருந்தது. அதில் வைத்து, யாரும் பார்க்கிறார்களோ என்று பார்த்துவிட்டு, மெல்லக் கூப்பிட்டேன்.

"கா... கா..."

தூரத்தில் ஒரு பெரிய காகம் கத்தியது. வரவில்லை. கண்ணை மூடிக் கும்பிட்டேன். பக்கத்தில் சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், குற்றிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கறுப்பு நாய் நின்றது. யாரோ அவிழ்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அது முகத்தைத் தட்டுக்குள் வைத்தது. நாய் அப்படிச் சாப்பிடாது. முன்காலால் தட்டை இழுத்து அணைத்துப் பிடித்துக்கொண்டு, கத்தரிக்காயை முதலில் பொறுக்கித் தின்றது.

கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து பேத்தி தலையை நீட்டினாள். "அம்மம்மா, அது நாய் இல்லை. அது உர்ஸ்."

உர்ஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கரடி! மூக்கில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.  கத்த வாயைத் திறந்தேன். சீவியத்தில் ஒருநாளும் கத்திப் பழக்கமில்லாத எனக்கு அன்றும் சத்தம் வரவில்லை. எதிரே வந்து நிற்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல்தான் வந்தது.

"போன்ஜூர்" என்றேன்.

அதைக் கேட்டுக்கொண்டு வந்தவள் மகள். ஒரு கையில் சட்டி மூடி, மறு கையில் அகப்பை. "அடேய்! மூதேசி! போடா! எங்கட அம்மாவை விட்டிட்டுப் போடா!" என்று மூடியில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவ்வளவு பெரிய சத்தம் அவளிடம் இருப்பது பெற்ற எனக்கே தெரியாது. கரடி ஒருமுறை அவளைப் பார்த்தது. பிறகு தட்டை வாயில் கவ்விக்கொண்டு, அவசரமில்லாமல் காட்டுக்குள் போய்விட்டது.

சத்தம் கேட்டுக் காட்டுக் காவல் உடுப்போடு ஒரு பெண் வந்தாள். குற்றியையும் அதில் சிந்திக் கிடந்த சோற்றையும் பார்த்தாள். அவளுடைய முகம் இரத்தம் வற்றியது போலாயிற்று. பிரெஞ்சில் படபடவென்று கேட்டாள். மருமகன்தான் மொழிபெயர்த்தார்.

"ஆர் சாப்பாடு வெச்சது எண்டு கேக்கிறா மாமி."

"காகத்துக்கு வெச்சனான் எண்டு சொல்லுங்கோ தம்பி."

சொன்னார். அவள் ஏன் என்று கேட்டாள்.

"ஏனெண்டு என்னெண்டு சொல்லுறது? இவவுக்குச் சனீஸ்வரனைத் தெரியுமே?" என்று தலையைச் சொறிந்தார். பிறகு ஏதோ சொன்னார். அவள் எங்கள் காரைத் திரும்பிப் பார்த்தாள். முகம் கொஞ்சம் இளகியது. தலையை ஆட்டினாள்.

"என்ன சொன்னனீங்கள்?" என்று மகள் கேட்டாள்.

"காகம் எங்கட சாமியின்ர வாகனம் எண்டு சொன்னன். வாகனத்துக்கு வேற பிரெஞ்சு வரேல்லை, கார் எண்டு சொல்லிப்போட்டன். அவ சொல்லுறா, அதுதான் சரி, சாப்பாட்டைக் கண்டிப்பாய்க் காருக்குள்ளதான் வைக்க வேணுமாம்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ஏனென்றால் அந்தப் பெண் பிறகு சொன்னதை மருமகன் சிரிக்காமல்தான் சொன்னார். "மனிசற்ற சாப்பாட்டின்ர ருசி பிடிச்ச கரடி திரும்பத் திரும்ப வருமாம் மாமி. கூடாரத்துக்குள்ளயும் வருமாம். பேந்து அதைச் சுடவேண்டி வருமாம்."  என் மகளுக்கு நல்லது நடக்கவென்று வைத்த சோறு. அது ஓர் உயிரை எடுக்குமா? கீழே சிந்தியதையெல்லாம் ஒரு பருக்கை விடாமல் நானே பொறுக்கினேன். அந்தப் பெண்ணும் குந்தியிருந்து என்னோடு பொறுக்கினாள். எங்களை வெளியே போகச் சொல்லவில்லை. 'மெர்சி' என்றேன். முதல்முறையாக அந்தச் சொல் போதவில்லை என்று பட்டது.

அவள் போனதும் மருமகன் கூடார ஆணிகளைக் கழற்றத் தொடங்கினார். "சரி. எல்லாம் முடிஞ்சுது. ரொறன்ரோதான்" என்றார், மண்ணைப் பார்த்துக்கொண்டு. எனக்கும் அப்படித்தான் பட்டது. நானே கெடுத்துவிட்டேன்.

மகளைக் காணவில்லை. தேடினால், செல்போனுக்குச் சிக்னல் வருகிற மேட்டில் நின்று கையை ஆட்டி ஆட்டிக் கதைத்துக்கொண்டிருக்கிறாள்.

"மச்சாள், கரடி! இல்லையடி, டிவியில இல்லை, எனக்கு முன்னால! அம்மா அதுக்கு போன்ஜூர் சொல்லுறா! ஓம்! எங்கட அம்மாதான்! வாயே திறவாத மனிசி! ... ரெண்டு கரடி. ஓமடி, பின்னால இன்னொண்டு நிண்டது... உங்களுக்கு அங்க என்ன இருக்கு, சொல்லு பாப்பம்? சாமத்தியவீடும் கொத்துரொட்டியும்தானே!"

மேட்டிலிருந்து இறங்கி வந்தவள் மருமகனைப் பார்த்து, "என்னத்துக்கு உதைக் கழட்டுறியள்? நாளைக்குத்தானே போறது. விசரே உங்களுக்கு?" என்றாள்.

ஆணி அவருடைய கையிலிருந்து விழுந்தது.

அட்டைப்பெட்டிகள் அந்தக் கிழமையே குப்பைக்குப் போயின. நாங்கள் இங்கேயே இருந்துவிட்டோம். அடுத்த ஆண்டுப் புரட்டாதியில் அதே இடத்துக்குப் போய்க் கூடாரத்தின் வாசலில் ஆறுதலாக இருக்கிறேன். வான் வண்டி ஒன்று வந்து நின்றது. பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. கதவுகள் திறக்கத் திறக்க ரொறன்ரோ முழுவதும் இறங்கியது. கொத்துரொட்டித் தகடும் இறங்கியது. வீடியோ பெடியனும் வந்திருந்தான். மச்சாள் நேரே என்னிடம் வந்து கையைப் பிடித்து, "மாமி, என்னைத் தெரியுதோ? கரடிக்கு என்ன கறி வெச்சனீங்கள்?" என்றாள். எனக்கு அந்தக் கரடியைக் கண்டபோதுகூட அப்படி நெஞ்சு அடிக்கவில்லை.

அந்தக் காவல் பெண் என்னைக் கண்டு கிட்ட வந்தாள். காரைக் காட்டிக் கேள்வியாகப் புருவத்தை உயர்த்தினாள். சாப்பாடு எல்லாம் உள்ளே என்று தலையாட்டினேன். பிறகு மருமகனைக் கூப்பிட்டு, அந்தக் கரடி உயிரோடு இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். மறு கரையில் கண்டவர்கள் இருக்கிறார்களாம், கூடாரப் பக்கம் வரவேயில்லையாம்.

இதை யாராவது ஒருக்கால் சரிபார்த்துத் தாருங்கள். ஏரியின் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை, அதனால் எழுதவில்லை. முதலில் போன இடம் ஈ இடமா, தொப்புள் இடமா என்பதிலும் சந்தேகம் இருக்கிறது. மருமகனிடம் கேட்டால் ஒழுங்காகச் சொல்லுவார். மகளிடம் மட்டும் கேட்க வேண்டாம். அவளுடைய கணக்கில் இப்போது மூன்று கரடி. நான் கண்டது ஒன்று.